ஆளைக் காட்டு

“போட்டோவெல்லாம் எனக்கு வேண்டாம், ஆளக் காட்டுன்னு ஈஸ்வரன்ட்ட சொன்னேன், அமுதம். உன் பேரச் சொன்னான். அதான் நேரா வந்துட்டேன்” என்றார் சின்னப்பன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் மெயின்லேண்டிலிருந்து வரும் சரக்கைச் சரிபார்த்து இறக்குவது அவர் வேலை. பெட்டியைப் பிரித்துக் கண்ணால் பார்க்காமல் எதையும் நல்ல சரக்கு என்று ஒப்புக்கொள்கிற மனுஷன் இல்லை.

அவருக்குப் பின்னால் மகள் ஜோஸ்லின் நின்றாள். ஆகஸ்டில் கல்யாணம். கண்ணுக்கு நிறைவான பெண்தான். நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டில் யாரோ வயிற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையில் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் கிளினிக் ஒன்றுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஈஸ்வரன், போர்ட் பிளேர் வந்தபோது அவளை வளைத்துப் போட்டுவிட்டான். அவன் போனில் இருந்த போட்டோக்களில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. இடப்பக்கம் பானை வயிறு, வலப்பக்கம் கொடி இடை.

அமுதம் அந்தக் கிளினிக்கில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஜங்லிகாட் பகுதியில் அவள் வீட்டு முன்னறைதான் தையல் கடை.

“உக்காருங்க சித்தப்பா. நீயும் உக்காருடி.”

“நீ உக்காரலியா?”

“மெஷின்ல உக்காந்து உக்காந்து சலிச்சுப்போச்சு” என்று அமுதம் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“என்ன, வீடே கோயில் மாதிரி சாம்பிராணி மணக்கு?”

“தவக்காலம்லா சித்தப்பா.”

சின்னப்பன் சுற்றி வளைக்கவில்லை. “இங்க ஒரு டாக்டரம்மாட்ட கேட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால பின்னால எடுத்த போட்டோவெல்லாம் அத்தாட்சி இல்லங்காங்க. எத்தன பேருக்குப் பண்ணுனாங்க, எத்தன பேருக்குக் கெட்டுப்போச்சு, வருஷம் கழிச்சு எப்படி இருக்காங்க, அதக் கேளுங்கன்னாங்க. ஈஸ்வரன்ட்ட கேட்டா திருதிருன்னு முழிக்கான். அது கிடக்கட்டும். நீ நம்ம ஊரு மணப்பாட்டுப் பிள்ள, நம்ம கோயில்ல பாடுத பிள்ள. நீ சொன்னா எனக்குப் போதும்.”

அமுதம் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மனுஷன் டாக்டரம்மா பேச்சை விட்டுவிட்டுத் தன்னை நம்பி வந்து உட்கார்ந்திருப்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

“வலிச்சுதாக்கா?” என்றாள் ஜோஸ்லின்.

“மயக்க ஊசி போட்டாங்கல்லா. ஒண்ணும் தெரியல.”

“தழும்பு? உள்ள வாரேன், ஒரு வாட்டி காட்டுங்களேன்.”

“சீ, போடி. அப்பாவ வச்சுக்கிட்டு! கடுகு அளவுதான் இருக்கும்.” தொளதொள நைட்டிக்கு மேல் கிடந்த துண்டை அமுதம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஜோஸ்லின் வெட்கப்பட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்புக்கு என்ன குறைச்சல் என்று மாப்பிள்ளை வீட்டாரை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்கலாம் போல அமுதத்துக்கு ஆத்திரமாக வந்தது.

“உனக்கு எதுக்குடி இதெல்லாம்? நல்லாத்தான இருக்க?”

“நீங்களும் நல்லாத்தான இருந்தீங்க. நீங்க மட்டும் பண்ணிக்கலாமாக்கா?”



“இன்னொண்ணு கேக்கேன், தப்பா நினைக்காத” என்றார் சின்னப்பன். “இதுல உனக்கு ஏதும் கமிஷன் உண்டா?”

“மாதா மேல ஆணையா அஞ்சு பைசா கிடையாது சித்தப்பா.”

அது உண்மை. அதைச் சொல்லும்போது அவள் குரல் பிசிறவில்லை. சின்னப்பன் முகம் தெளிந்துவிட்டது.

“அப்போ நீயே சொல்லு. அனுப்பட்டுமா, வேண்டாமா? நீ வேண்டாம்னா அவ அழுதாலும் சரி, இதோட விட்டுருவோம். உன் வாய் வார்த்ததான் எனக்கு.”

ஜோஸ்லின் கும்பிடாத குறையாக அமுதத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் அமுதம் வாயெடுத்தாள்.

“அனுப்புங்க சித்தப்பா. பயப்பட ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான நிக்கேன், பாருங்க.”

“அக்கா!” என்று துள்ளி எழுந்து கட்டிப்பிடிக்க வந்தாள் ஜோஸ்லின். அமுதம் கையை நீட்டி அவளைத் தள்ளியே நிறுத்தி, நெற்றியில் சிலுவை போட்டாள்.

“நல்லபடியா போயிட்டு வா.”

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் அமுதம் கதவைத் தாழிட்டுவிட்டு ஈஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, பொண்ணு வாரா. அவ அப்பாவும் சம்மதிச்சுட்டாரு.”

“ஏக்தம் பக்கா! நீங்க சொன்னா கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா.”

“ஒரு ஆள அனுப்பி வச்சா என் வயித்த டாக்டர் திரும்பத் தொறந்து ஃப்ரீயா சரி பண்ணித் தருவாருன்னு சொன்னீங்களே. இன்னும் சீழ் நிக்கல தம்பி. வேற எங்கயும் காட்டுனா அதுவும் கிடையாதுன்னுட்டீங்க. உக்கார முடியல, படுக்க முடியல. எனக்கு டிக்கெட் என்னைக்குப் போடுதீங்க?”



“பொறுங்கக்கா, வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல? உங்களுக்குத் தைரியம் சொல்லி அனுப்பி வச்சாங்களே ஆக்சிலியாக்கா, அவங்க வயித்தயே டாக்டர் இனிமேதான் தொறக்கப் போறாரு.”