ஏஜென்ட்டின் சந்தேகங்கள்

“சார், இந்த ‘பழசை நீக்கு’ டூல் என்ன பண்ணும்?” என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்த பெண்.

சீனியர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “புரோகிராம் கோடைப் படிம்மா, தானாப் புரியும். எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?”

ஆறு மாதமாக இதே பதில்தான். அந்த அலுவலகத்தின் பன்னிரண்டு டூல்களும் அவர் கைவண்ணம். ஆனால், குறிப்பென்று ஒரு வரி எழுதிவைத்ததில்லை.

அன்று மாலை மேனேஜர் வந்து அவர் தோளில் கை போட்டார். “நம்ம ஆபீசுக்கு ஏஐ ஏஜென்ட் வரப்போகுது. உங்க டூலையெல்லாம் அதுதான் ஓட்டும். மெயில்ல சந்தேகம் வந்தா பொறுமையா பதில் எழுதுங்க. மிஷின் பாருங்க, தெளிவா சொல்லலைன்னா எதையாவது அழிச்சு வைக்கும்.”

மறுநாளே ‘ஏஜென்ட்’ என்ற பெயரில் மெயில் வந்தது. ‘பழசை நீக்கு என்றால் அடியோடு அழிந்துவிடுமா?’

சீனியர் உருகிப்போனார். ‘நல்ல கேள்வி. அழியாது, கிடங்கு ஃபோல்டருக்குப் போகும். ஆனால் மாதக் கடைசியில் ஓட்டாதே. அன்று கிடங்கே காலியாகிவிடும்’ என்று ஆரம்பித்து, உதாரணத்தோடு ஒன்றரைப் பக்கம் எழுதினார்.

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவரும் சளைக்கவில்லை. “என்ன அறிவு! மனுஷங்க யாராவது இப்படிக் கேக்கறாங்களா?” என்று பக்கத்து சீட்டுக்குக் கேட்கும்படியே சிலாகித்தார்.

மூன்றே வாரத்தில் பன்னிரண்டு டூலுக்கும் குறிப்பு தயார். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்தார். “பிரமாதம் சார்! நாளைக்கு ஏஜென்ட் வந்ததும் முதல்ல இதைத்தான் படிக்கக் கொடுக்கணும்.”

“நாளைக்கா? அப்போ இத்தனை நாளா என்னைக் கேள்வி கேட்டது யாரு?”

பக்கத்து சீட்டுத் தடுப்புக்கு மேலே புதிதாகச் சேர்ந்த பெண்ணின் தலை மெல்ல எட்டிப் பார்த்தது.

“நல்ல கேள்வி, சார்.”