முதல் குடம்

பூப்பெய்திப் பெரிய பிள்ளையாகிவிட்ட ஹம்சிகாவுக்கு அன்று தண்ணீர் வார்ப்பு. முதல் குடம் வார்க்கத் தாய்மாமன் பார்த்தீபன் கொழும்பிலிருந்து மன்னாருக்கு வந்திருந்தான்.

"என்னக்கா, பவுசர் லொறியில வந்த தண்ணியே? முதல் குடம் எங்கட கிணத்திலதானே அள்ளுறது!"

"கிணறு இறைச்சுக் கன காலமடா. இதையே வார்த்து விடு," என்றாள் ஹம்சிகாவின் தாய் பூமணி அவசரமாக.

அவன் கேட்கவில்லை. வாளியை இறக்கி இழுத்தான். வந்த தண்ணீரில் எண்ணெய் மிதந்தது; நாற்றம் மூக்கில் அடித்தது.

"எப்ப தொட்டு, அக்கா?"

"கம்பனிக்காரர் காஸ் எடுக்க நிலத்துக்கடியில பாறை உடைக்கத் தொடங்கினாப் பிறகுதான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

எவ்வளவு ஆழத்தில் பாறையை உடைத்தாலும் கிணறுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று, இதே கிணற்றுத் தண்ணீரை ஊர்க்கூட்டத்தில் குடித்துக் காட்டிச் சத்தியம் செய்த கம்பனி எஞ்சினியர் பார்த்தீபன்தான்.

பூமணி வாளியை வாங்கிக்கொண்டு, பவுசர்த் தண்ணீர்க் குடத்தை அவன் கையில் கொடுத்தாள்.

"இதையே வார்த்து விடு தம்பி. பிள்ளை பாத்துக்கொண்டு இருக்கிறாள்."