நான்காவது கோடு

கேப்டன் பூங்கோதை விமானத்தைக் கிளப்பியபோது மணி பதினொன்றரை. பன்னிரண்டு மணிக்கு, அவள் நடுவானில் இருக்கையில், அவளுடைய கம்பெனி வேறொரு கம்பெனியோடு இணைந்தது. தரையிறங்கிப் பயணிகள் எல்லோரும் போனபின், அலுவலகத்து ஆள் ஒருவன் காக்பிட் வாசலில் ஒரு உறையோடு வந்து நின்றான்.

"ரெண்டு கம்பெனி விமானிகளையும் சேர்த்துப் போட்ட புது சீனியாரிட்டிப் பட்டியல்ல நீங்க கீழ போயிட்டீங்க மேடம். இனிமே துணை விமானி. தோள்ல இருக்கிற நாலு கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு, இந்த மூணு கோட்டை மாட்டிக்குங்க."

பூங்கோதை பையிலிருந்து விமானிகள் சங்கம் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து ஒன்பதாம் பிரிவைக் காட்டினாள். கம்பெனி எதனோடு இணைந்தாலும் எவருடைய பதவியும் இறங்காது என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரிக்காகப் பதினேழு நாள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள்.

"அது பழைய கம்பெனி போட்ட கையெழுத்து மேடம். அந்தக் கம்பெனியே இப்ப இல்லியே."

"நடுவானத்துல கம்பெனி இல்லாமப் போச்சுன்னா, நூத்தி எண்பது பேரைப் பத்திரமா இறக்குனது யாரு? உங்க முதலாளியா?"

அவன் உறையை நீட்டினான். அவள் கோடுகளைக் கழற்றி அதற்குள் போட்டாள். பிறகு விமானத்தின் பதிவேட்டைத் திறந்து அவன் கையில் வைத்தாள். வந்திறங்கிய பயணத்துக்குக் கேப்டன் கையெழுத்திடும் இடம் காலியாக இருந்தது.

"இதுல கேப்டன் கையெழுத்து விழாம இந்த விமானம் அசையாது. துணை விமானி போடக் கூடாது தம்பி."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினாள். அடுத்த பயணத்துக்கான ஆட்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவன் உறையைப் பார்த்தான், பதிவேட்டைப் பார்த்தான்.

"கேப்டன்..." என்றான்.

"யாரு?" என்றாள்.