எண்ண ஆளில்லாத மீன்கள்

பாலைவனத்தின் நடுவே ஒரு சுனை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத விரல்நீள மீன்கள் அதில் இருந்தன. அவற்றுக்கு நாட்டாமை மினுக்கி என்ற பெண்மீன். மீன் ஆராய்ச்சியாளர் இருதயராஜ் தன் வாலிபத்தையெல்லாம் அந்தக் கரையிலேயே கழித்தார். வேலி போட்டார், ஒட்டகங்களை விரட்டினார், வெயிலில் குப்புறப் படுத்து மீன்களை எண்ணினார். ஒரு குஞ்சு கூடுதலாகத் தெரிந்தால் போதும், அவருக்குக் கண் கலங்கிவிடும். மினுக்கிக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

தலை நரைத்த பிறகு ஒருநாள், எண்ணி மாளாத அளவுக்கு மீன்கள் பெருகியிருப்பதைப் பார்த்தார்.

"இனிமே உங்களுக்கு நான் வேண்டியதில்லை, தாயிகளா" என்று கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"கூட்டம் சேர்ந்ததும் நம்ம மதிப்பு போச்சு" என்று பொருமினாள் மினுக்கி.

"உயிரோட இருக்கீங்களே, அது போதாதா?" என்றது கரையோரத் தேரை.

"இருந்து என்ன பிரயோஜனம்? எண்ணிப் பார்க்க ஒரு ஆள் இல்லையே. நாம குறைஞ்சாத்தான் மறுபடி தேடி வருவாங்க."

அவள் பேச்சைக் கேட்டு மீன்கள் தங்கள் முட்டைகளைத் தாங்களே தின்னத் தொடங்கின. புதிதாக ஒரு குஞ்சும் பிறக்கவில்லை. இருந்தவை ஒவ்வொன்றாக வயதாகிச் செத்தன.

சேதி கேள்விப்பட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு இருதயராஜ் பதறி வந்தார். பின்னாலேயே கேமராக்கள், குடைகள், ஒரு மந்திரியின் கார். அத்தனை கண்ணும் மினுக்கி மேலேயே இருந்தது.

"நான் சொன்னேன்ல, பார்த்தீங்களாடி?" என்று பூரிப்போடு திரும்பினாள் மினுக்கி.

அவளைச் சுற்றித் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.