பின்வரிசைக் குரல்

"என் பொண்ணைப் பின்வரிசையில தள்ளினது யாரு?"

மேடைக்குப் பின்னால் பாடகர்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார் மஹாதேவன்.

மாதங்கி நிமிர்ந்தாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் இசை இயக்குநர். அவள் நடத்தும் முதல் நிகழ்ச்சி அன்று. போன வாரம் வரை, "நம்மாத்துப் பொண்ணு பெங்காலிக்காராளுக்கே பாட்டுச் சொல்லித் தர்றா!" என்று தான் குடியிருக்கும் லேக் கார்டன்ஸ் பேட்டை முழுக்கத் தம்பட்டம் அடித்தவர் இதே மஹாதேவன்தான்.

"நான்தான் மாமா."

"தனியாப் பாடப்போறவளைப் போய் ஒளிச்சு வைப்பாளா? தமிழ்ப் பொண்ணுக்குச் சலுகை காட்டினேள்னு யாராவது சொல்லிடுவாளோன்னு பயமா?"

"அது என் முடிவு மாமா."

"பெரிய முடிவு! இதுக்குத்தான் இந்தப் பதவியில பொம்மனாட்டியை உட்கார வைக்கப்படாதுங்கறது!"

சொன்னதோடு விட்டாரா? பக்கத்தில் நின்ற பதிவாளருக்கும் புரியட்டும் என்று அதையே இங்கிலீஷில் இன்னொரு தரம் சொன்னார். பதிவாளர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மாதங்கியின் முகம் சிவந்துவிட்டது. பாட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். நன்றாகக் கொடுத்தோம் என்ற திருப்தியோடு மஹாதேவன் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மேடையில் மகள் சுபிக்ஷா ஒரு நெட்டைப் பையனின் முதுகுக்குப் பின்னால். தலைமுடிகூடத் தெரியவில்லை. குரல் மட்டும் எழும்பியது. நடுக்கமோ தடுமாற்றமோ இல்லாத குரல். இப்படி அவள் பாடி வீட்டில் ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

அரங்கமே எழுந்து கைதட்டியது.

வெளியே வந்த மகளைக் கட்டிக்கொண்டார். "அவ எங்கே ஒளிச்சு வச்சா என்ன? நீ என் பொண்ணாச்சே!"

சுபிக்ஷா விலகிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"நான் எங்கே பாடினாலும் எதிர்ல உட்கார்ந்து தொடையில தாளம் தட்டறேள். துளி பிசகினா உதட்டைப் பிதுக்கறேள். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைச்சுக்கறதுப்பா. உங்க கண்ணுல படாம நிறுத்துங்கோன்னு நான்தான் மேம்கிட்ட கெஞ்சினேன். அப்பா மனசு நோகும், காரணத்தைச் சொல்லிடாதேங்கோன்னு வாக்கும் வாங்கிண்டேன்."

மஹாதேவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியே திரும்பி மேடைக்குப் பின்னால் போனார். மாதங்கி இருந்தாள். பதிவாளரும் இருந்தார்.

அவருக்கும் புரிய வேண்டுமே என்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார் மஹாதேவன்.

தொண்டை அடைத்துக்கொண்டது.