செத்த நாக்கு

உப்பு இம்மி குறைந்தாலும் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கிற மனுஷன் அவள் கணவர். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்ததில் நோய் போனது. கூடவே நாக்கு ருசியும் போனது. அதன்பிறகு போட்டதையெல்லாம் பேசாமல் விழுங்கினார்.

அவளுக்கு அது போதவில்லை. எத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல்! அடிப்பிடித்ததைச் சுரண்டி அவருக்கென்றே எடுத்து வைத்தாள். முந்தாநாள் மிச்சத்தைச் சூடு பண்ணி ஊற்றினாள். "நல்லா இருக்கா?" என்று வேறு கேட்பாள். "ம்" என்பார்.

சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கட்டி இருந்த அடையாளமே இல்ல. வாய் வறட்சி மட்டும் கடைசிவரைக்கும் இருக்கலாம், பல்லைப் பத்திரமா பாத்துக்கணும். ருசி எப்படி?"

"அது செத்துப்போச்சு டாக்டர்," என்று முந்திக்கொண்டாள் அவள். "மண்ணைக் குடுத்தாலும் தின்னுவார்."

"ருசி திரும்பி ஒரு வருஷம் ஆச்சு டாக்டர்," என்றார் கணவர்.

அவள் முகம் வெளிறிப்போனது.

"அடடே! வீட்ல ஏன் சொல்லலை?"

"இவ கைப்பக்குவத்தை நிதானமா ருசிச்சுக்கிட்டிருந்தேன்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து சமையல் நான்தான். இவ உக்காந்து சாப்பிட்டாப் போதும்."

டாக்டர் நெகிழ்ந்துபோனார்.

"குடுத்து வச்சவங்கம்மா நீங்க!"