கோப்பி ஆறுகிறது

கோப்பியில் ஏடு படிந்துவிட்டது.

சந்திரமதி திரைக்குப் பின்னால் தட்டை ஏந்தியபடி நின்றாள். கூப்பிட்டதும் வந்தால் போதும் என்று அம்மா சொல்லியிருந்தாள். கூப்பிடத்தான் ஆளில்லை.

கூடத்தில் எந்த டிரம்மர் உசத்தி என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஆரம்பித்து வைத்தவன் அவளுடைய அண்ணன் கருணாகரன். மாப்பிள்ளையின் அக்காள் புருஷன் நல்லையா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. ரேடியோவில் இங்கிலீஷ் பாட்டு கேட்பதுண்டா என்று பேச்சுக்குக் கேட்டார். அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த வீடு காஜா பெராங் தெருமுனைக் கோப்பிக்கடை ஆகிவிட்டது.

"லிவர்பூல்காரன்லாம் ஒரு டிரம்மரா? வெறும் முடியும் மோதிரமும்தான். அதுக்கே ஊரு தலையில தூக்கி வச்சு ஆடுது," என்றான் கருணாகரன்.

"தம்பி, வாயைக் கழுவுங்க. அவன் அடக்கி வாசிக்கிறான் லா. தடதடன்னு உருட்டினாத்தான் உங்களுக்கு டிரம்மரா?" என்றார் நல்லையா.

உருட்டுவது என்றால் என்ன என்று கருணாகரன் மேசையிலேயே அடித்துக் காட்டினான். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த பொரித்த வாழைப்பழம் தட்டோடு துள்ளியது.

இது மூன்றாவது பெண் பார்ப்பு. முதலில் வந்தவர்கள், பெண் வாயே திறக்கவில்லையே, ஊமையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அவளுடைய பாதியில் நின்ற படிப்பு பிடிக்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் புக்கிட் காதிலில் இருக்கும் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்துவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அந்த மனிதரின் மூத்த மகள் சந்திரமதியைவிட நாலே வயது சின்னவள்.

இத்தனையும் கருணாகரனுக்குத் தெரியும். தெரிந்தும் லிவர்பூலை விட மனமில்லை.

இவனுக்கு டிரம்ஸைப் பற்றி என்ன தெரியும்? போன வருஷம் மைலோ டின்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்து ஒரு மாதம் வீட்டை அதிர அடித்தான். ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் காய்த்துப்போனது. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். காய்ப்பு உதிர்வதற்கு முன்பே ஆசை உதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு உலகத்து டிரம்மர்களுக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறான்.

சண்டை லிவர்பூலிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து மலாக்காவுக்கே வந்து சேர்ந்தது. மெர்டேக்கா சுதந்திர நாளன்று திடலில் வாசித்தார்களே, தெங்கேரா பக்கத்துப் பையன்கள், சில்வர் ஆங்கர்ஸ் பாட்டுக் குழு. ஐந்து பேரும் ராத்திரியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேடையேறியவர்கள். சந்திரமதியும் அண்ணனோடு போய்த் திடலோரம் நின்று கேட்டாள்.

அந்த டிரம்மரை ஊர் கண்டுகொள்ளவே இல்லை என்பது நல்லையாவின் குறை. கண்டுகொள்ள அவனிடம் என்ன இருக்கிறது என்பது கருணாகரனின் கட்சி.

அப்பா தொண்டையைச் செருமினார். யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் செருமினார். மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். எழுந்து போகிறவர்கள் செய்வது அது.

சந்திரமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் கூப்பிடாமலே திரையைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

அப்போதும் யாரும் திரும்பவில்லை. நல்லையா மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "சேது, நீயே சொல்லு. அன்னிக்கு நீயும் திடல்லதானே எங்கயோ இருந்தே?"

மாப்பிள்ளை சேதுராமன் வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. இப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"அந்த டிரம்மர் சுமார்தான் அத்தான். இருக்கிற பேரே அதிகம்."

கருணாகரன் வெற்றியோடு தொடையைத் தட்டினான்.

"இல்லை."

சொன்னது யார் என்று எல்லோரும் தேடினார்கள். சந்திரமதியே ஒரு கணம் தேடினாள். தேடி முடிப்பதற்குள் மீதியும் வந்துவிட்டது.

"ரெண்டாவது பாட்டுல பாடுறவருக்கு வரி மறந்துபோச்சு. வாயைத் திறந்துக்கிட்டு நின்னாரு. டிரம்ஸ்காரர்தான் அதே அடியைத் திரும்பத் திரும்ப அடிச்சு, ஞாபகம் வர்ற வரைக்கும் அவரைத் தாங்கினாரு. பாட்டே அப்படித்தான்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க."

திரையோரம் அம்மா நெற்றியில் கை வைத்தாள். பெண் பார்க்க வந்தவனை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசியாயிற்று. இதற்கு ஊமை என்ற பேரே மேல்.

சேதுராமன் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கோப்பைக்குக் கை நீட்டினான்.

அவனுடைய ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில், மைலோ டின் நாட்களில் அண்ணனுக்குக் காய்த்த அதே இடத்தில், ஒரு காய்ப்பு. ஒரு மாதத்தில் வந்தது அல்ல. மஞ்சளாகி, இறுகி, விரலோடு விரலாகிப்போனது.

அவள் பார்ப்பதை மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார்.

"விறகு பிளந்து பிளந்து இப்படி ஆயிடுச்சும்மா. தெங்கேராவுல இவன் கூட்டாளி வீடு. வயசான தாயாம், ஆம்பளைத் துணை இல்லையாம். சனிக்கிழமை தவறாம போய்ப் பிளந்து குடுத்துட்டு வர்றான். நான் சொன்னா கேக்க மாட்றான். நீயாவது வந்து நிறுத்தச் சொல்லு."

'நீயாவது வந்து' என்றதில் அப்பாவின் முதுகு நிமிர்ந்தது.

விறகு பிளந்தால் உள்ளங்கையில் அல்லவா காய்க்கும்.

சேதுராமன் ஆறிப்போன கோப்பியை ஏடோடு குடித்தான். கோப்பையின் விளிம்புக்கு மேலே அவன் கண்கள் அவளிடம் கெஞ்சின. பக்கத்தில் கருணாகரனும் நல்லையாவும் அதற்குள் இன்னொரு டிரம்மரைப் பிடித்துக்கொண்டார்கள்.

சந்திரமதி தலையைக் குனிந்துகொண்டாள். பார்த்தவர்கள் வெட்கம் என்று நினைத்தார்கள்.

"பிளக்கட்டும், அத்தை," என்றாள்.